யாருடைய மீன்?

பகலில் எனக்கு அச்சின் மேல் வேலை.
தாம்பரே நகரத்தின் மூன்றாம் எண் டிராம்;
இரண்டு முனையிலும் ஓட்டுநர் இருக்கை,
திரும்பத் தெரியாத வண்டி.
இரவிலும் அச்சு வேலைதான்.
அதற்குச் சம்பளம் கிடையாது,
தாமதமானால் யாரும்
கடிகாரத்தைப் பார்த்து உதடு பிதுக்குவதில்லை.

ஜனவரியில், வெளியே மைனஸ் இருபத்திரண்டு,
குளியலறை வாளியில் ஊறப்போட்டேன்:
முட்டை அட்டை, மின்கட்டண ரசீது,
முழங்கால் போன ஒரு ஜீன்ஸ்.
ஜீன்ஸ் மிக்ஸியை வென்றது.
பிளேடில் சுற்றிக்கொண்டு
புகை வரும்வரை விடவில்லை.
மற்றவை கூழாகின.
பழைய படச்சட்டத்தில் கோடைக் குடிலின் கொசுவலையை
இழுத்துக் கட்டி
முக்கினேன், தூக்கினேன், குலுக்கினேன்,
நீர் வடியும்வரை மூச்சு விடவில்லை.

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள்.
எனக்கு மீசையிலேயே கூழ்.
காலையில் பணிமனையில்
"என்ன அது, பனியா?" என்றாள் இர்மெலி.
"போன வருஷ மின்கட்டணம்" என்றேன்.
அவள் மேலே கேட்கவில்லை.
எங்கள் ஊரில் மேலே கேட்பது வழக்கமில்லை.

சௌனாவின் மேல்பலகையில் காய்ந்த முதல் தாள்
பொருக்குத் தட்டி, ஓரம் சுருண்டு,
தொட்டதும் இரண்டாகியது.
மூன்றாவது தாளில் அரைபடாத ஒரு வரி
பிழைத்துக் கிடந்தது: செலுத்தவேண்டிய தொகை
பதினேழு யூரோ.
அதைத்தான் சட்டம் போட்டு மாட்டினேன்.

பிறகு லினோலியம்.
ஏரியில் பிடிபடாத மீனைத் தகட்டில் பிடித்தேன்:
முதுகில் பட்டைகள், சிவந்த துடுப்பு.
(முதல் சிவப்பு என் கட்டைவிரல் தந்தது.)
வயிற்றில் என் பெயர், ரெய்னோ,
நேராக, அழகாக, அக்கறையாக.
அச்சில் எல்லாம் புரண்டு விழும் என்பது
கடைசி எழுத்தைச் செதுக்கியபின் நினைவுக்கு வந்தது.

அழுத்த இயந்திரம் இல்லை.
ஆனால் எங்கள் கட்டடத்தின் நிலவறையில்
படுக்கைவிரிப்புகளை நீவுவதற்கு
எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஓர் உருளை உண்டு.
கதவுப் பட்டியலில் பென்சிலால் எழுதினேன்:
ஞாயிறு, இரவு ஒன்பது, போர்வை.
முதல் மீன் வந்தது. வால் கறுப்பு, தலை மங்கல்,
பெயர் கண்ணாடிக்குள் போனதுபோல்.
இரண்டாம் முறை தாள் நழுவியது.
வெற்றுடம்போடு மீன் உருளையை உரசியது.
துடைத்தேன்.
துடைத்துவிட்டதாக நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கதவில்
நான்கு குண்டூசிகளில் ஒரு தலையணை உறை.
மேலே: "யாருடைய மீன்? சல்மேலா, மூன்றாம் மாடி."
அவரை எனக்குத் தெரியாது. மிதிவண்டியைத் தெரியும்:
பச்சை, மணி இல்லாதது.
என் தாளில் புரண்ட பெயர்
அங்கே மறுபடி புரண்டு நேராகியிருந்தது.
நல்லவேளை, பாதிதான்: ரெய்.

எங்கள் கட்டடத்தில் ரெய் மூன்று பேர்.
"என்னுடையது அல்ல. ரெய்யோ."
"நான் மீன் சாப்பிடுவதில்லை. ரெய்மா."
அடுத்த வரி காலியாக
இரண்டு நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
மூன்றாம் நாள் எழுதினேன்:
"என்னுடையது. துவைத்துத் தருகிறேன். ரெய்னோ."

மறுநாள் அந்த உறையைக் காணோம்.
அதே நான்கு குண்டூசிகளில் இன்னொன்று,
வெள்ளை, கஞ்சி போட்ட விறைப்பு,
அடியில் ஒரு சீட்டு:
"துவைக்க வேண்டாம். உறைகள் ஜோடி."

பெயரை ஒழுங்காகத் திருப்பி
வேறு தகடு செதுக்கலாமா என்று யோசித்தேன்.
இல்லை, அவருக்கு வேண்டியது அந்த மீன்.
ஞாயிறு, இரவு ஒன்பது.
பட்டியலில் இம்முறை மீன் என்றே எழுதினேன்.
அதே மை, அதே உருளை, என் கையால் செய்த அதே தடித்த தாள்.
நான்கு முறை ஓட்டிவிட்டேன்.
தாள் நழுவ மாட்டேன் என்கிறது.